முதல் தடவை பறப்பவர்கள் தேவை

"சலாவுதீன்?" என்று கேட்டார் அனந்த்.

"பதினாலு வருசம் தம்மாம்ல இருந்தான் சார். ஏர்போர்ட்லதான் வேலை," என்றார் ஜமால்.

அனந்த் பட்டியலில் அந்தப் பெயரையும் அடித்தார். தாராவியில் ஜமாலின் முறுக்குப் பட்டறைக்குள் அவர் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நாற்பது பெயரில் முப்பத்தேழு போய்விட்டது. மிச்சம் இருந்த மூன்று பேரில் இருவருக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. மூன்றாவது ஆள் காசிம். அவரிடம் கேட்டபோது, இத்தனை வருஷமாக விமானம் ஏறாமல் இருப்பதே ஏறவே கூடாது என்பதற்காகத்தான், யார் சொன்னாலும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முறுக்குப் பிழிவதைத் தொடர்ந்தார்.

அனந்த் சுரபி ஏர்லைன்ஸில் சமூகப் பொறுப்புப் பிரிவின் துணை மேலாளர். பிரிவு என்றால் அவரும் ஒரு பிரிண்டரும்தான். விமானக் கம்பெனிகளுக்கு இப்போதெல்லாம் மனசாட்சி உறுத்துகிறது. வானத்தில் விட்ட புகைக்குத் தரையில் எங்காவது பரிகாரம் செய்தாக வேண்டும். அந்தப் பரிகாரத்துக்கு ஆள் பிடித்து, மேடை போட்டு, சமோசா ஆர்டர் செய்து, படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பது அனந்தின் வேலை.

இந்த வருஷத்துப் பரிகாரத்தின் பெயர் 'வறுத்த எண்ணெயில் வானம்'. தாராவியில் முறுக்கு, சேவு, சிப்ஸ் போடும் பட்டறைகளில் மிஞ்சும் பழைய எண்ணெயை நாலு மாதம் சேகரித்தார்கள். அதைச் சுத்திகரிக்கக் கொடுத்து, விமான எரிபொருளில் கொஞ்சம் கலந்து, எண்ணெய் கொடுத்தவர்களையே அந்த விமானத்தில் ஏற்றிக் கடலுக்கு மேல் நாற்பது நிமிடம் சுற்றிக்காட்டி இறக்குவது என்று திட்டம். சுற்றுச்சூழலைக் காப்பாற்ற ஒரு விமானத்தைச் சும்மா சுற்ற விடலாமா என்று கூட்டத்தில் ஒரு இளைஞன் கேட்டான். அடுத்த கூட்டத்துக்கு அவனைக் கூப்பிடவில்லை.

திட்டத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. வருகிற நாற்பது பேரில் ஒருவர்கூட அதற்கு முன் விமானம் ஏறியிருக்கக் கூடாது. நிபந்தனை போட்டவர் முதலாளி மகேஷ்குமார். அப்பா ஆரம்பித்த கம்பெனியை மூன்று வருஷத்துக்கு முன் கையில் எடுத்தவர். சுற்றுச்சூழல் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. டெல்லிக்குப் போவதென்றாலும் ரயிலில்தான் போவார். விமானக் கம்பெனி முதலாளியே ரயிலில் போகிறாரே என்று பத்திரிகைகள் மெச்சி எழுதின. அப்படிப்பட்டவர், இந்த ஒரு தடவை மட்டும் தாராவி மக்களோடு தானும் பறக்கப் போவதாக அறிவித்திருந்தார்.

தாராவியில் பறக்காத நாற்பது பேரைப் பிடிப்பது ஒரு வேலையா என்றுதான் தலைமை அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். இறங்கும் விமானங்களைத் தகரக் கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் என்பது அவர்கள் கணக்கு. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த அனந்தும் அப்படியேதான் நினைத்திருந்தார். அது அவருக்கே இப்போது வெட்கமாக இருந்தது.

தாராவிக்காரர்கள் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார்கள். உம்ராவுக்குப் போயிருந்தார்கள். துபாய், தோஹா, தம்மாம் என்று வேலைக்குப் போய்வந்திருந்தார்கள். ஜமாலின் மனைவி நூர் நிஷா மகள் பிரசவத்துக்கு மூன்று தடவை ஷார்ஜா போய்வந்தவர். வெளிநாடு போகாதவர்கள் ஊர்க் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி விமானத்தில் போயிருந்தார்கள். ஏன் ரயிலில் போகவில்லை என்று அனந்த் ஆதங்கத்தோடு கேட்டார். டிக்கெட் கிடைத்தால்தானே போவதற்கு என்றார் ஜமால்.

"ஏன் சார் இவ்வளவு டென்சன் ஆவுதீய?" என்று கேட்டார் நூர் நிஷா.

அனந்த் சொன்னார். இந்தத் திட்டம் நடக்காவிட்டால் அவருடைய பிரிவை மூடிவிடுவார்கள் என்று முதலாளியின் செயலர் வந்தனா ஜாடையாகச் சொல்லியிருந்தாள். மூடினால் அவர் பழைய இடத்துக்கே போக வேண்டும். பழைய இடம் என்பது விமான நிலையத்தில் காணாமல் போன பெட்டிகளுக்கான கவுண்டர். பதினோரு வருஷம் அங்கே உட்கார்ந்து ஒன்பது மொழிகளில் திட்டு வாங்கியவர் அவர். ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளை ஒருவர், பெட்டி வராத கோபத்தில் அனந்தின் சட்டையையே கழற்றித் தரச் சொன்னார். ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கும்போது மறுபடியும் அங்கே போய் உட்கார அவர் தயாராக இல்லை.

பறப்பதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் அவர் ஒரு யோசனை செய்தார். எண்ணெய் யார் வீட்டில்தான் இல்லை? மாட்டுங்கா, செம்பூர், நெருள் பக்கம் இருக்கிற நம் ஆட்களில் பறக்காதவர்களைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பாட்டில் பழைய எண்ணெய் வாங்கிக்கொண்டால் போயிற்று. 'முதல் தடவை பறப்பவர்கள் தேவை' என்று ஒரு அறிவிப்பு எழுதி, மனைவி அம்மிணியின் பஜனை வாட்ஸப் குழுவில் போடச் சொன்னார்.

அம்மிணி படித்துவிட்டுச் சொன்னாள். "ஏன்னா, இன்னும் பறக்காதவா யாருன்னு கேட்டா எவா கையைத் தூக்குவா? அமெரிக்கால பிள்ளை இல்லாதவா யாருன்னு கேக்கறாப்பல இருக்கு."

அவள் சொன்னது சரியாக இருந்தது. இரண்டு நாளில் வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. நெருளில் இருக்கும் பஞ்சு, வங்கியில் ஓய்வு பெற்றவர். அவர் பெயரைக் குறித்துக்கொண்ட அரை மணி நேரத்தில் மூன்று பேர் தனித்தனியாகப் போன் செய்து, பஞ்சு பெண் வீட்டுக்கு நியூ ஜெர்சி போய் ஆறு ஆறு மாதம் இரண்டு தடவை இருந்துவிட்டு வந்தவர் என்று தெரியப்படுத்தினார்கள். போட்டோவும் அனுப்பினார்கள். பஞ்சுவிடம் கேட்டதற்கு, அங்கே போனது கணக்கில் வராது, அது சொந்த ஆசையில் போனதில்லை என்றார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பஜனைக் குழுவில் போட்ட அறிவிப்பு கைக்குக் கை மாறி, அணுசக்தி நகர் வரைக்கும் போய், அங்கிருந்து எப்படியோ வந்தனாவின் போனுக்கு வந்துவிட்டது. தாராவியில் ஆள் கிடைக்கவில்லையா, பஜனைக் குழுவில் ஏன் தேடுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், உபரிக்குத் தேடினேன் என்று அனந்த் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வந்தனா மறுபடி கூப்பிட்டாள். முதலாளிக்கு ரொம்பச் சந்தோஷமாம். ஆனாலும் ஒருவர்கூட முன்னே பறந்தவராக இருக்கக் கூடாது என்பதால், நாற்பது பேரும் 'நான் இதுவரை விமானம் ஏறியதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

"அப்படி ஒருத்தர் இருந்துட்டா என்ன ஆயிடும்மா?" என்று அனந்த் கேட்டுப் பார்த்தார்.

"புரோகிராமே கேன்சல் சார். சார் அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்," என்றாள் வந்தனா. விமானத்துக்குள்ளே கேமராவும் பத்திரிகைக்காரர்களும் வரக் கூடாது என்றும் முதலாளி உத்தரவு போட்டிருப்பதாகச் சொன்னாள். விருந்தாளிகளின் கௌரவம் முக்கியமாம். அனந்த் முதலாளியின் பெரிய மனசை நினைத்து வியந்துகொண்டே போனை வைத்தார். பயம் மட்டும் குறையவில்லை.

நாற்பது தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு அவர் மறுபடி தாராவிக்குப் போனார். இப்போது அவருக்கு வேறு வழி இல்லை. பறந்தவர்களையே பறக்காதவர்களாக அழைத்துப் போக வேண்டியதுதான். பட்டறை வேலைக்காரர்களும், காசிமுக்கும் குழந்தைகளுக்கும் பதிலாக அக்கம்பக்கத்தாரும் வர உடனே சம்மதித்தார்கள். நாலு மாதம் எண்ணெய் கொடுத்தவர்கள், இலவசமாக ஒரு சுற்று போய்வர யாருக்குக் கசக்கும்? ஆனால் தாளைப் பார்த்ததும் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"ஹஜ்ஜுக்குப் போனத இல்லன்னு எழுதச் சொல்லுதீயளா சார்?" என்றார் ஜமால். "அது நடக்காது. நீங்க வேற ஆளப் பாருங்க."

அனந்த் பட்டறையின் மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரே இருபது வருஷப் பழக்கம் போல எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நூர் நிஷா டீ கொடுத்துவிட்டு யோசனையும் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால்தான் பொய். வாயைத் திறக்காமல் பயந்தாற்போல் உட்கார்ந்திருந்தால் அதில் என்ன பொய் இருக்கிறது?

"நான் ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டுதான் சார் போறேன். இந்தத் தடவ கொஞ்சம் கூட்டிப் பயப்படுதேன். அவ்வளவுதானே," என்றார்.

அனந்த் வந்தனாவிடம் போய், கையெழுத்துக் கேட்பதை விருந்தாளிகள் அவமானமாக நினைக்கிறார்கள் என்றார். அது உண்மைதான் என்பதால் கண்ணைப் பார்த்தே சொல்ல முடிந்தது. வந்தனா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கையெழுத்து வேண்டாமாம். அதற்குப் பதிலாக, முதல் தடவை பறப்பவர்களுக்கு என்னவெல்லாம் சொல்லித் தர வேண்டுமோ அத்தனையும் சொல்லித் தர விமானப் பணிப்பெண் ஒருத்தி தாராவிக்கே வந்து ஒரு வகுப்பு எடுப்பாளாம். அந்த வகுப்பை வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டுமாம். முதலாளி முழுசாகப் பார்ப்பாராம்.

வகுப்பு எடுக்க ஹரிதா வந்தாள். செம்பூர்ப் பெண். பட்டறை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்று மூன்றாகப் போட்டு, நடுவில் வழி விட்டு, எல்லோரையும் உட்கார வைத்தாள். சீட் பெல்ட்டை எடுத்துக் காட்டி, இதை எப்படிப் போடுவது என்று ஆரம்பிப்பதற்குள் நாற்பது பேரும் இடுப்பில் இல்லாத பெல்ட்டைப் போட்டு இழுத்து இறுக்கிவிட்டார்கள். கை தானாகப் போய்விட்டது.

அவசர வழி எங்கே இருக்கும் என்று அவள் காட்டினாள். சலாவுதீன் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். நீங்கள் காட்டுவது பெரிய விமானத்துக்கு, உங்கள் கம்பெனியில் ஓடுவது சின்னது, அதில் இறக்கைக்கு மேலே உள்ள கதவு இன்னும் ஒரு வரிசை முன்னால் இருக்கும் என்று ஹிந்தியில் மரியாதையாக விளக்கினார். ஹரிதா தன் புத்தகத்தைப் பார்த்தாள். அவர் சொன்னதுதான் சரி.

அவள் வீடியோவை நிறுத்தி, எடுத்தவரை அழித்துவிட்டு அனந்தைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"அங்கிள், இவங்க என்னைவிட ஜாஸ்தி பறந்திருக்காங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே கூட்டிட்டுப் போனா பகடே ஜாயேங்கே, மாட்டிக்குவோம். முதல்ல எல்லாத்தையும் மறக்கச் சொல்லுங்க."

அனந்துக்கு அவள் காலில் விழலாம் போல் இருந்தது. அடுத்த நாலு நாள் மத்தியானத்தில் பட்டறை மாடியில் அவரே வகுப்பு எடுத்தார். தெரிந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கச் சொல்லித் தரும் வகுப்பு. ஜன்னல் திறக்குமா என்று கேட்க வேண்டும். பெல்ட்டைத் தப்பாக மாட்ட வேண்டும். விமானம் எழும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயர் சொல்ல வேண்டும், அவரவர் சாமி. ஜமால் மூன்று நாளில் நன்றாகப் பயப்படக் கற்றுக்கொண்டார். சலாவுதீனுக்குத்தான் கடைசி வரைக்கும் வரவில்லை. பயப்படச் சொன்னால் சிரித்துவிடுவார். கடைசி நாள் ஹரிதா மறுபடி வந்து வகுப்பை முதலிலிருந்து எடுத்தாள்; அந்த வீடியோதான் முதலாளிக்குப் போனது.

பறக்கும் நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பஸ்ஸில் நாற்பது பேரும் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு பேர் கழுத்தில் பயணத் தலையணை இருந்தது. அனந்த் ஓடி ஓடிப் பறித்துத் தன் பையில் திணித்தார். அந்தப் பை நிறைந்ததும் ஜமாலின் பையில் திணித்து, இரண்டு பையையும் பஸ்ஸிலேயே விட்டார்.

பாதுகாப்புச் சோதனையில் இன்னும் மோசம். அங்கே நிற்கிற காவலர் வாயைத் திறக்கும் முன்பே நாற்பது பேரும் பெல்ட்டைக் கழற்றி, போனையும் பவர் பேங்க்கையும் தனியாக எடுத்து டிரேயில் வைத்து, கையை அகல விரித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். இப்படி ஒழுங்கான கூட்டத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று காவலர் அனந்தைப் பாராட்டினார். எல்லாம் எங்கள் பயிற்சி என்றார் அனந்த்.

அவருடைய நல்ல நேரம், முதலாளி மகேஷ்குமார் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் விமானத்தின் படிக்கட்டுக்கு நேராகக் காரில் வந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று வந்தனா சொன்னாள். முன் வரிசை அவருக்காகக் காலியாக இருந்தது. அவர் அங்கே உட்காரவில்லை. மக்களோடுதான் இருப்பேன் என்று சொல்லி, பதினாலாம் வரிசையில் நடு இருக்கையில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் சலாவுதீன். இந்தப் பக்கம் நூர் நிஷா.

நாற்பது பேரில் பயப்படத் தெரியாத ஒரே ஆளின் பக்கத்தில் போய் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். அனந்த் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

விமானம் ஓட ஆரம்பித்ததும் கூட்டம் சொல்லிக் கொடுத்தபடியே செய்தது. ஜன்னல் திறக்குமா என்று ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். தரையை விட்டு எழும்பியபோது எழுந்த கூச்சலில் ஹரிதாவே ஒரு கணம் ஆடிப்போனாள். ஜமால் இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, உருக்கமாக ஓதினார். அனந்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தெம்பு ஐந்து நிமிடம் நீடித்தது. பிறகு பதினாலாம் வரிசையிலிருந்து சத்தம் அடங்கியது. அதைச் சுற்றியிருந்த வரிசைகளிலும் அடங்கியது. அனந்த் எட்டிப் பார்த்தார். சலாவுதீன் அண்ணாந்து பார்க்காமலே கையை உயர்த்தி, முதலாளியின் தலைக்கு மேலிருந்த காற்றுக் குமிழைச் சரியாகத் திருகிக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான தடவை பறந்தவனுக்குத்தான் அந்தக் கை வரும். அடுத்து ஜன்னல் வழியே இறக்கையைக் காட்டி, கையைச் சாய்த்துச் சாய்த்து ஏதோ பாடம் நடத்தினார். நூர் நிஷா கைப்பையிலிருந்து எலுமிச்சை மிட்டாய் எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். பதிமூன்றாம் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து திரும்பி நின்று, ஆளுக்கு ஒன்றாக முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. சொல்லிக் கொடுத்ததை மொத்தமாக மறந்துவிட்டார்கள்.

எல்லாம் போச்சு என்று அனந்துக்குப் புரிந்துவிட்டது. கீழே கடல் நன்றாகத் தெரிந்தது. அவர் பார்க்கவில்லை. பெட்டி கவுண்டரில் தன் பழைய நாற்காலி இன்னும் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் மீதி இருந்த சந்தேகத்தையும் இறங்கும்போது தீர்த்துவைத்தார்கள். சக்கரம் தரையைத் தொட்டு விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழக்க தோஷத்தில் நாற்பது பேரும் எழுந்து நின்று மேலே இருந்த பெட்டிக் கதவுகளைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பைகூட இல்லை. ஆனாலும் திறந்தார்கள். எல்லோர் போனும் மணி அடித்தது.

கீழே பத்திரிகைக்காரர்களும் பூங்கொத்துகளோடு கம்பெனி ஆட்களும் காத்திருந்தார்கள். சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் பற்றி முதலாளி தழுதழுத்த குரலில் இரண்டே நிமிடம் பேசினார். பேசிவிட்டு நேராக அனந்தை நோக்கி வந்தார். அவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் தானே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று அனந்த் வாயைத் திறந்தார்.

மகேஷ்குமார் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று ஈரமாக இருந்தது. கண் சிவந்திருந்தது. மிக நல்ல மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், நீங்கள் ஓய்வு பெறும் வரைக்கும் இந்தப் பிரிவை யாரும் தொட மாட்டார்கள் என்றார். அடுத்த வருஷமும் இதே ஆட்கள்தான் வர வேண்டும், ஒருவரையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பிழைத்துவிட்டோம் என்பது மட்டும் அனந்துக்குத் தெரிந்தது, எப்படி என்று தெரியவில்லை. இதே ஆட்கள் அடுத்த வருஷம் வந்தால் அவர்கள் முதல் தடவை பறப்பவர்களாக எப்படி இருப்பார்கள்? முதலாளிக்கு இதுகூடவா தோன்றவில்லை?

பஸ்ஸில் ஏறப் போன நூர் நிஷாவை அவர் ஓடிப்போய் நிறுத்தினார்.

"நன்னா ஆரம்பிச்சேளே, அஞ்சே நிமிஷத்துல ஏன் எல்லாரும் நடிக்கறதை நிறுத்திட்டேள்? என் உயிரே போயிடுத்து. அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

நூர் நிஷா சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துல ஒரு மனுசன் என் கையப் பிடிச்சுக்கிட்டு நெசமாவே அழும்போது நாங்க எப்படி சார் நடிக்க? அந்தப் பிளேன்ல மொத தடவ ஏறுனது உங்க மொதலாளி ஒருத்தருதான்."